ஒரு லட்சம் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரைத் தினசரிக்கு வாங்குவது: முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்டால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்று பொருள். நான் இங்கே எழுதப்போவது ஓட்டத்தைப் பற்றி. மீட்டரில் ஒரு லட்சம் தாண்டிய, டர்போ இன்ஜின் வைத்த, வேகத்துக்கென்றே செய்த ஒரு வண்டியை வாங்கி, அதையே தினமும் ஆபீசுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போகிற கதை.

நான் கோயம்புத்தூர்க்காரன். சில வருடங்களுக்கு முன் என் முன்னால் இரண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 இருந்தன. ஆர்எஸ் என்றால் ஸ்கோடாவின் வேகமான வகை. இரண்டும் ஒரே வருட மாடல். சென்னையில் இருந்தது 41,000 கிலோமீட்டர், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, பில் ஒன்றுகூடக் கையில் இல்லை. சேலத்தில் இருந்தது 1,08,000, முன் பம்பரில் கல் தெறித்த புள்ளிகள், கூடவே ஒரு தடித்த ஃபைல். கூட வந்த மைத்துனன் சொன்னான்: "ஏனுங்க மாமா, டாக்சிக்கு ஓட்டுனாப்ல ஓடியிருக்குதுங்க. இதையா புடிக்கறீங்க?"

சேலத்து வண்டியைத்தான் பிடித்தேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில், எந்த வண்டி?

நம் நாட்டில் 'தினசரி ஓட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்' என்றால் பழைய வண்டிச் சந்தையில் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். பாக்ஸ்டர், இசட்4 போன்ற இரண்டு சீட்டு வண்டிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் இன்னொரு கார் இருந்தால் அவை வேறு பேச்சு.

ஆக்டேவியா ஆர்எஸ் 2004லேயே இங்கே வந்தது, 1.8 டர்போ, 150 பிஎஸ் (குதிரைத் திறன் மாதிரி ஓர் அளவு), மேனுவல். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான்; அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய வண்டிக்கு உதிரிபாகம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். தினசரிக்கு வேண்டாம். 2011ல் வந்தது ஸ்கோடாவின் லாரா ஆர்எஸ், 1.8 டிஎஸ்ஐ (டர்போ வைத்த, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜின்), 160 பிஎஸ், 6 கியர் மேனுவல். கியர் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் அது தேன். அந்தத் தலைமுறை 1.8 டிஎஸ்ஐ இன்ஜினில் டைமிங் செயினை (வால்வுகளை இன்ஜின் சுற்றோடு இணைக்கிற சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் குடிக்கிற பழக்கமும் உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். செயின் வேலை முடிந்ததற்கு பில் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

2017ல் வந்தது ஆர்எஸ் 230: 2.0 டிஎஸ்ஐ, 230 பிஎஸ், 6 கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம், டிக்கியில் கல்யாண வீட்டுச் சாமானே ஏற்றலாம். 2020ல் வந்த ஆர்எஸ் 245 மொத்தமே 200 வண்டிதான். அதை விற்கிறவர்கள் விலையைத் தங்கம் மாதிரிச் சொல்கிறார்கள்.

கொஞ்சம் கீழே இறங்கினால் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 டர்போ, 105 பிஎஸ். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். 2015ல் வந்தது ஃபியட்டின் அபார்த் புன்டோ, 145 குதிரைத் திறன், மேனுவல். ஸ்டீயரிங் சுகம் என்றால் அதுதான். ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டது. கார் விடுப்பில் இருக்கும்போது ஆபீஸ் போக வேறு வழி உள்ளவர்களுக்கு மட்டும் அது.

இனிமேல் பெரும்பாலும் ஆர்எஸ் 230ஐ வைத்தே சொல்கிறேன். பார்க்கும் முறை மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும்.

பணம்: விலை முதல் தவணைதான்

கையில் இருக்கிற மொத்தப் பணத்துக்கும் வண்டி வாங்கிவிடாதீர்கள். ஆறில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரு லட்சம் ஓடிய வண்டியில் டயர், பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ், பேட்டரி, கூலன்ட் பாகங்கள் எல்லாம் ஒரே வருடத்தில் வரிசை கட்டி நிற்கும். இது வண்டியின் குற்றமில்லை, வயசு. அந்தப் பணத்தை ஒதுக்க முடியாவிட்டால் ஒரு படி கீழான வண்டியைப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கிற போலோ, இழுத்துக்கொண்டிருக்கிற ஆர்எஸ்ஸை விட வேகமானது. ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற வண்டிக்கு ஏது வேகம்?

வீட்டை விட்டுக் கிளம்புமுன், போனிலேயே

வண்டி எண்ணை வாங்கி பரிவாகன் செயலியில் போடுங்கள். எத்தனையாவது ஓனர், பதிவு எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, கடன் பாக்கி அதாவது ஹைப்போதிகேஷன் இருக்கிறதா என்று அங்கேயே தெரியும். இ-சலான் பக்கத்தில் அபராத பாக்கியைப் பாருங்கள். வேகத்துக்கான அபராதம் வரிசையாக இருந்தால் முந்தைய ஓனரின் ஜாதகமே கையில் கிடைத்த மாதிரி.

பிறகு விற்பவரிடம் நான்கு விஷயங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

முதலாவது, இப்போதைய இன்சூரன்ஸ் பாலிசி. எல்லோரும் தேதியைப் பார்ப்பார்கள். நீங்கள் நோ கிளெய்ம் போனஸ் சதவீதத்தைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாமல் ஒவ்வொரு வருடமும் 20, 25, 35, 45, 50 என்று அது ஏறும். ஆறு வயசு வண்டியில் 0 அல்லது 20 என்று இருந்தால் சமீபத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அது சின்ன பம்பர் உரசலாகவும் இருக்கலாம், ஏர்பேக் வெடித்த விபத்தாகவும் இருக்கலாம். ஆனால் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. ஓனர் இடையில் மாறியிருந்தாலும் போனஸ் குறைவாகத்தான் தெரியும். போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. அதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

இரண்டாவது, சர்வீஸ் பில்கள். கம்பெனி சர்வீஸ் என்றால் ஓனர் கேட்டால் சேசிஸ் எண்ணை வைத்து முழு வரலாற்றையும் எடுத்துத் தருவார்கள். வெளியே விட்டிருந்தால் பில்லோ வாட்ஸ்அப் மெசேஜோ ஏதாவது வேண்டும். "எங்க மெக்கானிக் வீட்டுக்கே வந்து பாத்துருவாருங்க" என்பது சர்வீஸ் வரலாறு ஆகாது.

மூன்றாவது, வீல் அலைன்மென்ட் சீட்டுகளும் டயர் வாங்கிய பில்லும். மீட்டரைப் பின்னால் போடுகிறவர்கள் சர்வீஸ் புத்தகத்தை ஒளித்து வைப்பார்கள். டேஷ்போர்டு பெட்டியில் கசங்கிக் கிடக்கும் அலைன்மென்ட் சீட்டை மறந்துவிடுவார்கள். அதில் தேதியும் கிலோமீட்டரும் அச்சாகியிருக்கும்.

நான்காவது, ஃபாஸ்டேக் கணக்கு விவரம். கேட்கச் சங்கடமாக இருக்கலாம்; நல்ல விற்பனையாளர் காட்டுவார். சேலத்து வண்டியின் ஓனர் வாரம் இரு முறை கோவைக்கும் பெங்களூருக்கும் போய்வந்திருந்தார், டோல் வரிசை அப்படியே சொன்னது. ஒரு லட்சம் கிலோமீட்டரில் பெரும்பகுதி டாப் கியரில், நிமிடத்துக்கு 2,000 சுற்றில், சூடான இன்ஜினோடு ஓடியது. அண்ணா சாலை சிக்னலில் ஊர்ந்து ஊர்ந்து சேர்த்த 40,000த்தை விட கியர்பாக்சுக்கு இது எவ்வளவோ மேல்.

வெளிமாநில வண்டி

டெல்லி வண்டி விலை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற கட்டுப்பாடு வந்த பிறகு பல வண்டிகள் தெற்கே இறங்கின. பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி (படிவம் 28), இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெளிமாநிலப் பதிவோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றியே ஆகவேண்டும், வாழ்நாள் வரியும் இங்கே கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது ஓனரின் பொறுமையைச் சோதிக்கிற தனிக் கதை. இந்த வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் புதுச்சேரி வண்டியில்கூட மிச்சம் பெரிதாக நிற்பதில்லை.

நேரில் பார்ப்பது: விடியற்காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது

"நாளைக்குக் காலையில வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, பானெட்டில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் இரண்டு மூன்று நொடிகள் முக்கியம். ஒரு ஆளை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் முன்னால் நில்லுங்கள். டப்பாவில் ஆணி குலுக்கிய மாதிரிச் சத்தம் ஓரிரு நொடி வந்து நின்றால் டைமிங் செயினோ டென்ஷனரோ தளர்ந்திருக்கிறது. டீசல் மாதிரி மெல்லிய டிக் டிக் சத்தம் டிஎஸ்ஐயில் எப்போதும் இருக்கும். அது இன்ஜெக்டர், பயப்படாதீர்கள். சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஐடிலில் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு ஒரு அழுத்து அழுத்தும்போது மட்டும் நீலப் புகை வந்தால் டர்போ சீலிலோ வால்வு சீலிலோ சந்தேகம். குளிர்காலையில் வெள்ளை ஆவி வருவது சாதாரணம். இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளையாக வந்தால் கூலன்ட் எரிகிறது. கிளம்பிவிடுங்கள்.

டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவு பாருங்கள். "ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவுல எத்தனை லிட்டர் ஊத்துவீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "ஊத்துறதே இல்லைங்க" என்றால் ஒன்று நல்ல இன்ஜின், இல்லை பார்க்காத ஓனர். "அரை லிட்டர், முக்கால் லிட்டர் ஆகும், டிக்கியில ஒரு டப்பா வெச்சிருப்பேன்" என்கிறவர் அளவு பார்க்கிறவர். எனக்கு இரண்டாவது ஆளைப் பிடிக்கும்.

கூலன்ட் தொட்டியைப் பாருங்கள். அதில் இளஞ்சிவப்போ ஊதாவோ இருக்க வேண்டும். பச்சையாகவோ குழாய்த் தண்ணீர் நிறத்திலோ இருந்தால் வழியில் எங்கோ கசிந்து கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள். இந்த வகை இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் பிளாஸ்டிக் உடலோடு ஒரே தொகுப்பாக வருபவை. ஒரு லட்சம் வாக்கில் கசிவது வழக்கம். மாற்றிய பில் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். இன்றில்லாவிட்டாலும் ஒரு வருடத்தில் நீங்கள்தான் மாற்றப் போகிறீர்கள்.

பாடி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லா செகண்ட் ஹேண்ட் காருக்கும் பொதுவானது. பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட கீறல் உண்டா? எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருடக் குறி உண்டா? பானெட்டுக்குள் ஓரத் தகடான ஏப்ரனில் கம்பெனி ஸ்பாட் வெல்டு வட்டமாக, சீராக இருக்கிறதா? பெயிண்ட் அளக்கும் மீட்டர் வாடகைக்குக் கிடைக்கும். கம்பெனி பெயிண்ட் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 250, 300 என்றால் மறுபடி அடித்தது. 500 தாண்டினால் உள்ளே பட்டி. கதவில் பட்டி இருந்தால் விலை பேசலாம். பில்லரிலோ கூரையிலோ இருந்தால் பேச ஒன்றுமில்லை.

சென்னை வண்டி என்றால் ஒரு கூடுதல் வேலை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், ஏசி போட்டதும் ஈரத்துணி வாசம் என்று பாருங்கள். நீரில் நின்ற ஜெர்மன் எலக்ட்ரானிக்ஸை யாரும் முழுசாகச் சரி செய்ததை நான் பார்த்ததில்லை.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ன் 23வது வாரம். நான்கு டயரும் ஒரே பிராண்டா என்றும் பாருங்கள். முன்னால் இரண்டு விலை உயர்ந்ததும் பின்னால் இரண்டு பேர் தெரியாததும் போட்டிருக்கும் ஸ்போர்ட்ஸ் கார், காசில் கஞ்சத்தனம் பார்த்த ஓனரின் வண்டி. டயரில் பார்த்தவர் ஆயிலிலும் பார்த்திருப்பார்.

கியர்பாக்ஸ்: இங்கே அவசரப்படாதீர்கள்

டிஎஸ்ஜி எல்லாம் ஒன்றல்ல. போலோ ஜிடியில் இருப்பது 7 கியர், டிகியூ200. அதன் கிளட்ச் உலர்ந்தது, ஆயிலில் நனையாது. நெரிசலில் ஊர்ந்தால் சூடேறும், நடுங்கும். அதோடு மெக்கட்ரானிக்ஸ் என்கிற கட்டுப்பாட்டுப் பகுதி போனால் செலவு, வண்டி விலையில் கணிசமான ஒரு துண்டு. ஆர்எஸ் 230ல் இருப்பது 6 கியர், டிகியூ250. கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி வேலை செய்யும், அதிக இழுவைக்கென்றே செய்தது. பலமான கியர்பாக்ஸ், ஒரே ஒரு நிபந்தனையோடு: 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். 1,08,000 ஓடிய வண்டிக்கு இந்த பில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பேரம் வேறு தளத்துக்குப் போகும்.

சோதிக்கும் முறை இது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சம தளத்தில் டி போட்டு பிரேக்கை மெதுவாக விடுங்கள். ஆக்சிலேட்டர் தொடாமல் வண்டி நடக்க ஆரம்பிக்கும்போது நடுக்கம் இருக்கக் கூடாது. ஒரு சாய்வில் ரிவர்ஸ் போட்டு ஏற்றுங்கள். கிளட்ச் தேய்ந்திருந்தால் இங்கே தப்பிக்கவே முடியாது. பிறகு 30ல் போய் நிற்கும் வரை மெதுவாக பிரேக் பிடியுங்கள். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இடித்தால் ஆயில் பழசாகியிருக்கலாம், மெக்கட்ரானிக்ஸும் இருக்கலாம். மேனுவலாக மாற்றி, மூன்றாம் கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுசாக அழுத்துங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இதே அழுத்தில் டர்போவும் தெரிந்துவிடும். இழுவை ஒரே சீராக வர வேண்டும். நடுவில் தொய்ந்தால் டர்போ காற்றைக் கொண்டுபோகும் பூஸ்ட் குழாயில் எங்கோ கசிவு. விக்கினால் பிளக், காயில்.

ஸ்கேனர்

இந்த ஒரு வேலைக்காக ஆயிரம் இரண்டாயிரம் செலவழிப்பது வீண் இல்லை. ஸ்கோடாவும் சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளைத் தெரிந்த, அதற்கான சரியான ஸ்கேனர் வைத்திருக்கிற சுதந்திர மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மலிவான புளூடூத் கருவி இன்ஜினை மட்டும் படிக்கும். நமக்கு எல்லா கன்ட்ரோல் யூனிட்டும், அதாவது வண்டியின் ஒவ்வொரு பகுதியையும் நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர்களும், வேண்டும்.

எல்லா யூனிட்டிலும் பதிவான பிழைகளை எடுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு பிழையோடும் அது நடந்தபோது மீட்டரில் எவ்வளவு இருந்தது என்பதும் பதிவாகியிருக்கும். சென்னை வண்டியை நான் விட்டது இங்கேதான். டேஷ்போர்டில் 41,000, கியர்பாக்ஸ் யூனிட்டில் ஒரு பழைய பிழை, 87,000த்துச் சொச்சத்தில் நடந்ததாக. மீட்டரை மாற்றியவர் கியர்பாக்ஸ் நினைவைத் துடைக்க மறந்துவிட்டார். டிரைவர் சீட்டின் ஓரத் திண்டு குழைந்து போயிருந்ததும், ஸ்டீயரிங் தோல் மழமழவென்று இருந்ததும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. புரோக்கர் "சாஃப்ட்வேர் கோளாறா இருக்கும் சார்" என்றார். இருக்கட்டும்.

எந்தப் பிழையுமே இல்லை, எல்லாம் துப்புரவாக இருக்கிறது என்றாலும் சந்தோஷப்படாதீர்கள். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினஸ் சோதனைகள் முடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியாமல் இருந்தால் நேற்றோ இன்று காலையோ யாரோ பிழைகளை அழித்திருக்கலாம். மிஸ்ஃபயர் கணக்கு, கியர்பாக்ஸ் ஆயில் வெப்பம் இரண்டையும் ஓடும்போதே பார்க்க வேண்டும்.

ரீமேப் பற்றிக் கேளுங்கள். ஆர்எஸ் வாங்கியவர்களில் கணிசமானோர் சாஃப்ட்வேர் ஏற்றி 230ஐ 280, 300 ஆக்கியிருப்பார்கள். நிதானமான ஸ்டேஜ் 1 (சாஃப்ட்வேரை மட்டும் மாற்றும் முதல் படி), நல்ல பெட்ரோல், சீக்கிரமான ஆயில் மாற்றம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, பாப் பாப் என்று வெடிக்கிற எக்ஸாஸ்ட் போட்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே டிராக்கில் வார இறுதிகளில் ஓடிய வண்டியா என்றும் விசாரியுங்கள். பிரேக் டிஸ்க் ஓரம் நீலம் பூத்திருந்தால் அதுவே பதில் சொல்லும்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் பத்து நிமிடம் விற்பவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். வண்டியைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். ஆறிய இன்ஜினை 5,000 சுற்றுக்கு இழுத்துக் காட்டி "பாத்தீங்களா பிக்கப்!" என்கிறவர் தினமும் அதைத்தான் செய்திருப்பார். சேலத்துக்காரர் முதல் ஐந்து கிலோமீட்டர் 2,500ஐத் தாண்டவேயில்லை. ஸ்பீட் பிரேக்கர் வந்ததும் வண்டியைச் சற்றுச் சாய்வாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினார். வீடு திரும்பியதும் இன்ஜினை உடனே அணைக்காமல் அரை நிமிடம் விட்டார். விலை பேச அந்த இடத்திலேயே மனசு ஆயத்தமாகிவிட்டது.

பிறகு நீங்கள் ஓட்டுங்கள், குறைந்தது முக்கால் மணி நேரம், ஏசி போட்டு, கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் ஹைவே, கொஞ்சம் மோசமான ரோடு. மோசமான ரோட்டில் ஆடியோவை அணையுங்கள். முன்னால் டொக் டொக் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க், சின்னச் செலவு. கட் கட் என்று பிரேக் பிடிக்கும்போது வந்தால் கன்ட்ரோல் ஆர்ம் புஷ். கியர் போடும்போது இன்ஜினே முன்னும் பின்னும் ஆடுகிற மாதிரித் தோன்றினால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட். 70, 80ல் ஹூம் என்று ஒரே சுரத்தில் சத்தம் வந்து, வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஸ்டீயரிங் 90ல் நடுங்கினால் அலாய் வளைந்திருக்கலாம். பக்கச் சுவர் குட்டையான டயரில் நம் ஊர்க் குழிகள் முதலில் அடிப்பது அலாயைத்தான்.

திரும்பி வந்ததும் ஏசியோடு பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். சூட்டு முள் நடுவை விட்டு நகரக் கூடாது, ஃபேன் வந்து வந்து போக வேண்டும். அப்புறம் லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். அண்டர் கவர் இருக்கிறதா, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் உண்டா, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா, அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப் எங்காவது இடிபட்டதா. தாழ்ந்த வண்டி என்பதால் சம்ப் அடி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

பேரமும் கைமாற்றும்

கண்டுபிடித்த குறைகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உதிரிபாக விலையைப் போட்டு, அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். "கொஞ்சம் கொறச்சுக் குடுங்க" என்று கேட்பதை விட இது மரியாதையானது, பலனும் தருவது. குறையே சொல்லாமல் விலையை மட்டும் அடிக்கிறவரை நல்ல விற்பனையாளர் மதிக்க மாட்டார்.

அட்வான்ஸை வங்கி மூலம் கொடுங்கள். கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35ம் வந்த பிறகே மீதிப் பணம். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்துக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். விற்பவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் (ஒரே மாநிலம் என்றால்), வாங்கியவர் 30 நாளுக்குள். "மெதுவா மாத்திக்கலாம்" என்பதில் இரண்டு பேருக்கும் ஆபத்து உண்டு. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். பழைய பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் உங்கள் வண்டிக்கு அடிபடும்போது காசு வருவது சந்தேகம். விற்றவருடைய போனஸ் உங்களுக்கு வராது, பிரீமியம் ஏறும். அதையும் கணக்கில் வையுங்கள்.

வண்டி கைமாறிய தேதி, நேரம், மீட்டர் அளவு மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஒன்று போடுங்கள். அந்த நேரம் வரை நடந்த கேமரா அபராதம் விற்றவருடையது, அதற்கு மேல் உங்களுடையது. இரண்டாவது சாவியை மறக்காமல் வாங்குங்கள். ஃபாஸ்டேக்கை அவர் மூட வேண்டும், நீங்கள் புதிதாக எடுக்க வேண்டும்.

முதல் மாதம்

பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் செய்தவை: இன்ஜின் ஆயில், அந்த இன்ஜினுக்கான ஃபோக்ஸ்வாகன் (விடபிள்யூ) தர எண்ணைப் பார்த்து, எல்லா ஃபில்டர், நான்கு பிளக், பிரேக் ஆயில், கூலன்ட் முழுவதும் வடித்து மாற்றம். 60,000 கணக்கில் டிஎஸ்ஜி ஆயில் இரண்டாவது முறைக்கு நெருங்கியிருந்ததால் அதையும் முடித்துவிட்டேன். கம்பெனி சொல்வது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ். ஒரு லட்சம் தாண்டிய டர்போவுக்கு நான் 8,000லேயே ஆயில் மாற்றுகிறேன். ஆயில் விலை டர்போ விலையை விடக் குறைவு.

நேரடி இன்ஜெக்‌ஷன் மட்டுமே உள்ள இன்ஜினில் பெட்ரோல் இன்டேக் வால்வு மேல் படாது, அதனால் அதில் கரி படியும். காலையில் ஐடில் துடிப்பும் ஆரம்ப இழுவையில் தயக்கமும் இருந்தால் கரியைச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம். டேங்கில் ஊற்றுகிற மருந்தால் இது போகாது. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

தினமும் ஓட்டும்போது

95 ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள். அதை விடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலிலும் ஓடும். ஆனால் இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி வண்டியைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இழுவை காணாமல் போகும். 2023க்கு முந்தைய பெரும்பாலான வண்டிகள் பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனாலை மனதில் வைத்து வடிவமைத்தவை அல்ல. அதனால் மாதக் கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கில் பழைய பெட்ரோல் தேங்க விடாதீர்கள். தினசரி ஓட்டுகிறவருக்கு இந்தக் கவலை குறைவு. நகரத்துக்குள் எனக்கு லிட்டருக்கு 8, 9 வருகிறது. சேலம் ரோட்டில் நிதானமாகப் போனால் 13.

சிக்னலில் பிரேக்கை முழுசாக அழுத்தி நில்லுங்கள். அரை பிரேக்கில் அங்குலம் அங்குலமாக நகர்வது கிளட்சைத் தின்னும். சாய்வில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். லாரி ஆபீஸ் வாசல்களில் போட்டிருக்கும் சிமென்ட் ஸ்பீட் பிரேக்கர்களுக்கு அளவே கிடையாது. எந்தத் தெருவில் எது உரசும் என்று ஒரு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும். என் பிள்ளைகளுக்கே தெரியும், "அப்பா, ரைட்ல ஒடிங்க" என்பார்கள்.

சன்ரூஃப் இருக்கிற வண்டி என்றால் ஐப்பசி மழைக்கு முன் அதன் நான்கு மூலை வடிகால்களில் மெல்லிய நைலான் கம்பி விட்டுப் பாருங்கள். வேப்பம்பூவும் புங்கை இலையும் அதில்தான் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் கூரைத் துணி வழியாக இறங்கி சீட்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகள் இருக்கும் இடத்தில் தேங்கும், கார்பெட்டுக்கு மேலே ஒன்றும் தெரியாது. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை பாருங்கள்.